கடலைப் பார்த்துப் பேர் சொன்னவர்

ஜுனைதீன் நானா வீட்டு முற்றத்தில், பிளாஸ்டிக் கதிரையில், கையில் பால் விடாத பிளேன்ரீயோடு, மேலில் ஒரு கீறல்கூட இல்லாமல் காலமானார் என்று கேள்விப்பட்டபோது நான் முதலில் நம்பவில்லை. நம்பிய பிறகு கோபம் வந்தது. தடியடியும் பந்தடியும் வாங்கி வாங்கி, முன்பற்கள் இரண்டையும் மைதானத்துக்கே தானம் செய்த மனிதர் அவர். அப்படிப்பட்டவருக்குப் போர்க்களத்தில், மூன்று உலகமும் அதிர்கிறாற்போல ஒரு முடிவு வந்திருக்க வேண்டாமா? பிளேன்ரீ ஆறுவதற்குள் சத்தமில்லாமல் எழும்பிப் போனது எங்கள் எல்லோரையும் ஏமாற்றிய வேலை.

செய்தியைச் சொன்னவன் வசந்தன். வள்ளத்து எஞ்சின்களைப் பிரித்துப் பூட்டுகிறவன். இரண்டு ஆள் தூக்கும் எஞ்சினை ஒற்றைக் கையால் தூக்குகிறவன். நான் என் டயர்க்கடையில் லொறிச் சில்லு ஒன்றோடு மல்லுக்கட்டிக் கொண்டிருந்தேன். போனில் முதலில் மூச்சு மட்டும்தான் கேட்டது.

"மாமா, நானா மோசம் போயிட்டார்."

"எந்த நானா?"

"எங்கட நானா, மாமா."

சில்லு என் காலில் விழுந்தது. அன்றைக்கு வலிக்கவேயில்லை. அடுத்த நாள் நானாவை அடக்கம் செய்கிற ஜனாஸாவுக்கு நொண்டிக்கொண்டு போனபோதுதான் காலில் நகம் ஒன்று குறைவதைக் கண்டேன்.

துறைமுகத்து வெட்டையில் அவரிடம் திட்டும் தீர்ப்பும் வாங்கிய பிள்ளைகளுக்கும், அந்தப் பிள்ளைகளைப் பெற்ற குற்றத்துக்காக அவரிடம் திட்டு வாங்கியவர்களுக்கும்தான் இதை எழுதுகிறேன். நானாவைப் பற்றி நான் சொல்வதில் பாதி மிகை என்று நீங்கள் நினைப்பீர்கள். எந்தப் பாதி என்பதைக் கண்டுபிடிப்பது உங்கள் பாடு.

அவர் மீன் சந்தையில் மீன் கூறுகிறவர். தோணி கரைக்கு வந்ததும் ஏலத்தைச் சத்தம்போட்டு நடத்துகிற தொழில். அந்தக் குரலை என்னவென்று சொல்ல? அவர் காலையில் தொண்டையைச் செருமினால் கொட்டியாரக் குடாவுக்கு அந்தப் பக்கம் மூதூரில் உறங்குகிற கோழி எழும்பும். சீனன்குடாவில் இறங்க வந்த விமானம் ஒன்று அவர் பாரைக்கு விலை சொன்னதைக் கட்டளையென்று நினைத்து மறுபடியும் மேலே ஏறியதை நான் என் கண்ணால் பார்த்தேன். மற்றவர்கள் பார்க்கவில்லை என்பது அவர்களுடைய குறை.

எங்கள் விளையாட்டு எல்லே. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: ஒருவன் மூங்கில் தடியால் பந்தை அடித்துவிட்டு, நட்டிருக்கும் கம்பங்களைச் சுற்றி ஓடவேண்டும். எதிரணி பந்தைப் பொறுக்கி, ஓடுகிறவனின் உடம்பில் எறிந்து அவனை வெளியேற்றலாம். ஆம், உடம்பில்தான். எங்கள் பிள்ளைகளின் முதுகில் பந்தின் வட்டம் முத்திரை குத்தியதுபோல் கிடக்கும். பெற்ற தாய்மார் அதைப் பார்த்து அழுவார்கள். தகப்பன்மார் அதைக் காட்டிப் பெருமை பேசுவார்கள்.

நானா வருவதற்கு முன்னர் நாங்கள் ரோட்டு ரோட்டாக அணி பிரித்தோம். உட்துறைமுகப் பக்கம் ஒரு ரோட்டில் எல்லாப் பிள்ளைகளும் பனைமரம்; பக்கத்து ரோட்டில் எல்லாம் கோரைப்புல். பனைமரங்கள் கோரைப்புற்களைக் கொன்று குவித்தன. வெட்டையில் மேய வந்த மான்கள் பரிதாபப்பட்டு எங்கள் பக்கம் நின்று பந்து பிடித்த நாட்களும் உண்டு. தோற்ற ரோட்டுப் பெரியவர்கள் இரவில் போய் வென்ற ரோட்டுக் கண்ணாடிகளை உடைப்பார்கள். வென்றவர்கள் விடியப்புறம் வந்து தோற்றவர்களின் பல்லை உடைப்பார்கள். இதற்கு நாங்கள் வைத்திருந்த பெயர் இளைஞர் முன்னேற்றம்.

ஒருநாள், ஆட்டம் எப்போதோ முடிந்துபோன கணக்கில் இருக்கும்போது, பலமான பக்கத்துப் பெடியன் ஒருவன் பத்தடி தூரத்தில் நின்று, ஓட முடியாமல் நின்றுவிட்ட சின்னவன் ஒருவனின் காதோடு சேர்த்துப் பந்தை எறிந்தான். சின்னவன் விழுந்தான். காதுக்குள்ளிருந்து இரத்தம் வந்தது. பலமான பக்கம் கைதட்டியது. இதை நான் கூட்டியோ குறைத்தோ சொல்லவில்லை. அந்தப் பிள்ளைக்கு இன்றைக்கும் அந்தக் காது கேட்காது.

சந்தையிலிருந்து வந்து வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர் ஜுனைதீன் நானா. இடுப்பில் கட்டியிருந்த சாரம் முழுக்க மீன் இரத்தம். அப்படியே நடுவெட்டைக்கு நடந்துவந்து, தடியைப் பிடுங்கி, முழங்காலில் வைத்து முறித்தார். மூங்கில் முறிகிற சத்தத்துக்குக் கைதட்டல் நின்றது.

"பலமெல்லாம் ஒரு பக்கம் சேந்தா அது விளையாட்டில்ல, அடி," என்றார். "அடிக்கிறதெண்டா என்னோட வாங்க. நானும் அடிப்பன்."

ஒருவரும் வரவில்லை. நான் போகலாமென்று நினைத்தேன். அன்றைக்கென்று பார்த்து என் செருப்பு வார் அறுந்திருந்தது.

அடுத்த கிழமை அவர் எங்களுக்குக் கூறு போடக் கற்றுத் தந்தார். கடற்கரையில் பங்கு பிரிப்பதைப் பார்த்திருப்பீர்கள். வலையில் வந்த மீனை எல்லோருமாகச் சேர்ந்து சமனான குவியல்களாக, கும்பங்களாக, வைப்பார்கள். பிறகு ஒருவர் கும்பங்களுக்கு முதுகு காட்டிக் கடலைப் பார்த்து நிற்பார். இன்னொருவர் ஒரு கும்பத்தைத் தொட்டு "இது ஆருக்கு?" என்று கேட்பார். முதுகு காட்டி நிற்பவர் ஒரு பேரைச் சொல்லுவார். கும்பம் அந்தப் பேருக்குரியவருக்கு. எந்தக் கும்பம் தனக்கு வரும் என்று தெரியாததால் எல்லாக் கும்பத்தையும் எல்லோரும் சமனாகத்தான் வைப்பார்கள்.

மீனை எடுத்துவிட்டுப் பிள்ளைகளை வைத்தார் நானா. அவ்வளவுதான் புதுமை. ஒருநாள் எல்லாப் பிள்ளைகளையும் அடிக்கவும் ஓடவும் எறியவும் விட்டுப் பார்ப்போம். பயிற்றுநர்கள் நாங்கள் சுற்றிவர நின்று கும்பம் வைப்போம். கெட்டிக்காரப் பிள்ளை பாரை, பெரிய மீன்; மெலிந்த பிள்ளை சூடை, பொடி மீன்.

"அந்தப் பாரை இஞ்ச நிண்டா, ரெண்டு சூடையை இஞ்சால தாங்க," என்பார் நானா.

"என்ர மகன் சூடையோ, நானா?" என்று ஒரு தகப்பன் சண்டைக்கு வருவார்.

"சூடைக்கென்ன குறை? பொரிச்சா நான் முதல்ல தேடுறது சூடையைத்தான்."

அந்தக் கும்பம் வைக்கிற நாட்களில் நடந்த யுத்தங்களுக்கு முன்னால் புராணத்து யுத்தங்கள் எல்லாம் பாலர் வகுப்பு. சட்டைக் கழுத்துகள் கிழிந்தன. ஒருமுறை நானும் இன்னொருவரும், கட்டைபறிச்சானிலிருந்து வந்து மாமி வீட்டில் தங்கிப் படித்த ஒரு பெடியனின் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்ததில் அவன் அரை அங்குலம் வளர்ந்தான். ஆனால் கடைசியில் எல்லோரும் களைத்து, எந்தக் கும்பம் வந்தாலும் சரி என்று சொன்ன பிறகுதான் நானா கதிரையைக் கடல் பக்கம் திருப்பிப் போடுவார்.

ஒரு விதிவிலக்கு மட்டும் வைத்திருந்தார். பயிற்றுநரின் பிள்ளை தகப்பனோடு போகலாம். "பெத்தவனையும் புள்ளையையும் பிரிச்ச பாவம் எனக்கு வேணாம். ஆனா புள்ள பாரையெண்டா கும்பத்தில வேற பாரை இல்ல."

இந்த ஓட்டைக்குள்ளால்தான் வசந்தன் புகுந்தான்.

வசந்தனும் ஒரு பயிற்றுநர். அவனுடைய மகன் டிலக்சன். பதினாலு வயதில் தகப்பனின் தோள். அந்த வருடத் தேர்வு நாளில் அவன் வந்த கோலத்தைப் பார்த்து நானே உருகிப்போனேன். காலில் தலையணை அளவுக்கு ஒரு கட்டு. தடியைத் தூக்கினால் தடி அவனைத் தூக்கியது. பந்தை எறிந்தால் அது அவனுடைய பெருவிரலில் விழுந்தது. வசந்தன் பக்கத்தில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டான். "என்ன செய்ய, மாமா, வருத்தக்காரப் பிள்ளை." நாங்கள் எல்லோருமாக இரங்கி, அந்த வருத்தக்காரப் பிள்ளையின் கும்பத்தில் இரண்டு பாரையும் ஒரு சீலாவும் சேர்த்துக் கொடுத்தோம்.

முதல் ஆட்டம் என் அணியோடு. டிலக்சன் வெட்டை நடுவில் குந்தியிருந்து கட்டை அவிழ்த்தான். அவிழ்க்க அவிழ்க்க வந்துகொண்டேயிருந்தது. அந்தத் துணியில் ஒரு கல்யாணப் பந்தல் போட்டிருக்கலாம். பிறகு எழும்பி அடித்தான். பந்து நேவி முகாம் வேலிக்கு மேலால் போனது. இன்றுவரை திரும்பி வரவில்லை. எங்கள் பிள்ளைகள் ஓடியபோது அவன் எறிந்த எறி ஒவ்வொன்றும் தோலை எடுத்துக்கொண்டு போனது. என் பக்கத்துப் பெண்பிள்ளை ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு குந்திவிட்டாள். விரலிடுக்கால் இரத்தம் வந்தது.

நானா விசிலை ஊதிவிட்டு உள்ளே நடந்தார்.

"ஆட்டம் சரி. கூறு பிழை. திருப்பிப் போடுவம்."

"வெல்லுற நேரத்தில என்ன கூறு?" என்று கத்தினான் வசந்தன்.

"உன்ட மகன்ட கால் எத்தனை மணிக்குச் சுகமாச்சு?"

வெட்டை முழுக்கச் சிரித்தது. எல்லோரையும்விடப் பெரிதாகச் சிரித்தது நான்தான். அதற்காகத்தான் என்னைக் கூப்பிடுவதே. வசந்தனின் முகம் கறுத்தது. பக்கத்தில் கிடந்த எல்லே தடியை எடுத்து ஓங்கினான். நானா கையைக் குறுக்கே கொடுத்தார். எலும்பு முறிந்த சத்தத்தை நான் கேட்டேன். முழங்காலில் மூங்கில் முறிந்த அதே சத்தம்.

அதன் பிறகு நடந்தவை சத்தத்தைவிட வேகமாக நடந்தன. "நானாவை அடிச்சுக் கொன்று போட்டாங்கள்" என்ற கதை போனுக்குப் போன் தாவிக் கிண்ணியாப் பாலத்தைத் தாண்டியது. ஓட்டோக்கள் வரிசையாக வந்து நின்றன. நானாவின் தம்பி மகன் ரம்சான் இரும்புக் கம்பியோடு முதல் ஆளாகக் குதித்தான். அவனுக்குப் பின்னால் அவனுடைய சிநேகிதர்கள். மற்றப் பக்கத்தால் வசந்தனின் ரோட்டு ஆட்கள், கையில் எஞ்சின் தண்டும் துடுப்பும். யார் எந்தப் பக்கம் நின்றார்கள் என்பதைப் பார்க்க ஊர் விபரம் தேவையில்லை. பேரைக் கேட்டாலே போதும். வேடிக்கையாகச் சொல்வது என் தொழில். ஆனால் இந்த ஊரில் அப்படித் தொடங்கிய மாலைகள் எங்கே போய் முடிந்திருக்கின்றன என்று எனக்கும் தெரியும், வாசிக்கிற உங்களுக்கும் தெரியும். பிள்ளைகள் எல்லோரும் நடுவில் நின்றார்கள்.

நானா கதிரையில் இருந்தார். முறிந்த கையைத் துவாயால் கழுத்தோடு கட்டியிருந்தார். முகத்தில் இரத்தமே இல்லை. குரல் மட்டும் அப்படியே இருந்தது.

"எல்லாரும் வந்தாச்சா? நல்லம். தடியோட வந்திரிக்கிறீங்க, அது இன்னும் நல்லம். எல்லேக்குத் தடி வேணும்."

"பெரியவாப்பா, நீங்க விலகுங்க," என்றான் ரம்சான். "இவன்ட மண்டையைப் பிளந்துபோட்டுத்தான் போறது."

"பிளக்கலாம் மகன். கூறு முடிய முன்னம் ஒருத்தருக்கும் பிளக்கேலா. நீ இஞ்சால வா. தடியன், நீ அங்கால போ. துடுப்போட நிக்கிற தம்பி, நீங்க இவரோட நில்லுங்க."

அந்தக் குரலுக்குக் கட்டுப்படாமல் இருக்க அங்கே வந்திருந்த ஒருவனுக்கும் தெரியாது. அரைவாசிப் பேர் கடலுக்குப் போகிறவர்கள். பிறந்த நாள் முதல் அந்தக் குரலுக்கு மீனைப் போட்டுவிட்டு விலகி நின்றவர்கள். விலகினார்கள். நின்றார்கள். இரண்டு கும்பம் ஆயிற்று. இரண்டிலும் இரண்டு பக்கத்து ஆட்களும், நெஞ்சுக்கு நெஞ்சு இடிக்கிற நெருக்கத்தில்.

நானா கதிரையைத் திருப்பச் சொன்னார். கடலைப் பார்த்தார்.

"வசந்தன், கேளு."

வசந்தன் தடியைப் பிடித்தபடியே நின்றான்.

"கேளுடா. கை நோகுது எனக்கு."

"இது..." என்றான் வசந்தன். அவ்வளவு பெரிய உடம்புக்குள்ளிருந்து ஒரு சின்னப் பிள்ளையின் குரல் வந்தது. "இது ஆருக்கு, நானா?"

"வசந்தனுக்கு."

அவன் தொட்ட கும்பத்தில் முன்னுக்கு நின்றவன் ரம்சான்.

மற்றக் கும்பம் எனக்கு. விளையாடினோம். நண்பர்களே, எல்லே என்ற விளையாட்டு பூமியில் தோன்றிய நாள் முதல் அப்படியொரு ஆட்டம் நடக்கவில்லை. கொல்ல வந்தவர்கள் அத்தனை பேரும் தங்கள் ஆத்திரத்தை முழுக்கப் பந்தில் வைத்து எறிந்தார்கள். விலா எலும்புகள் விசிலடித்தன. ஒருவனின் முதுகில் பட்ட பந்து நெஞ்சால் வெளியே வரப்பார்த்து, மனம் மாறித் திரும்பியது. நான் ஒரு சுற்று ஓடி முடிப்பதற்குள் ஏழு ஜென்மத்துப் பாவமும் என் முதுகில் தீர்ந்தன. ஆனால் அன்றைக்கு விழுந்த அடி எல்லாம் சட்டப்படி விழுந்த அடி. வசந்தன் ஓடும்போது ரம்சான் தொண்டை கிழியக் கத்தினான்: "ஓடு அண்ணே! குனிஞ்சு ஓடு! மாமாட கையில பந்து!" தன் வாயிலிருந்து வந்தது தன் காதில் விழுந்ததும் அவன் முழித்த முழியை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

யார் வென்றது என்று ஒருவருக்கும் நினைவில்லை. நான் வென்றதாக நான் சொல்லி வருகிறேன்.

இருட்டிய பிறகுதான் நானா "இனி ஆஸ்பத்திரிக்குப் போகலாம்" என்றார். ஓட்டோவில் ஒரு பக்கம் ரம்சானும் மறுபக்கம் வசந்தனும் தாங்கிப் பிடிக்க, நான் டிரைவரின் மடியில் இருந்து போனேன். டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு எப்படி நடந்தது என்று கேட்டார்.

"பந்து பட்டது, டொக்டர்."

"பந்தா?"

"கொஞ்சம் நீட்டுப் பந்து."

வசந்தன் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான். பொலிசுக்கும் அதே நீட்டுப் பந்துக் கதைதான் போனது. வசந்தனிடம் நானா அது பற்றிப் பேசியதில்லை. மாவுக்கட்டு அவிழ்த்த கையோடு அடுத்த வருடம் கும்பம் வைத்தபோது ஒன்று மட்டும் சொன்னார்: "இனி பழக்குற வாப்பாமாருட புள்ளைகளும் கூறுக்குள்ளதான். பாவம் என்ட தலையில கிடக்கட்டும்." டிலக்சன் அந்த வருடம் எனக்கு வந்தான். வசந்தனின் அணியோடு விளையாடிய அன்று தகப்பனின் முதுகுக்கே குறிவைத்து ஒரு பந்து எறிந்தான். தகப்பன் கம்பத்துக்குப் பக்கத்தில் நின்று கத்திக்கொண்டிருந்தவன்தானே தவிர, ஆட்டத்திலேயே இல்லை. நானா விசில் ஊதவில்லை.

பிறகு வந்த வருடங்களில் எனக்கு ஒரு சந்தேகம் வளர்ந்தது. நானாவின் பேத்தி ஷிபா விளையாட வந்தாள். காற்றை விலக்கிக்கொண்டு ஓடுகிறவள். அவளுக்கு ஒரு சிரிப்பு உண்டு. பல்லிடுக்கால் விசிலடிப்பதுபோல் கீச்சென்று வரும். கூறு போடும்போது அடக்கமுடியாமல் சிரித்துவிடுவாள். முதுகு காட்டி நின்றாலும் அது எந்தக் கும்பம் என்று நானாவுக்குத் தெரியாமல் இருக்குமா? அப்படியிருந்தும் மூன்று வருடம் தொடர்ந்து அவள் எனக்குத்தான் வந்தாள். நான் வருடா வருடம் கடைசியாக வருகிற பயிற்றுநர். அவளுடைய உம்மா நானாவோடு ஒரு மாதம் கதைக்கவில்லை.

"நானா, பேத்தியின்ட சிரிப்பு உங்களுக்குக் கேக்கிறேல்லையோ?" என்று ஒருநாள் சந்தையில் வைத்துக் கேட்டேன்.

"நல்லாக் கேக்கும். காதில என்ன பழுது?"

"பிறகேன் என்னட்டத் தாறீங்கள்? நான் தோக்கிறவன்."

கத்தியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "சிவம், ஆருட பேருக்குப் பின்னால ஆருட பேர் எண்டு ஊட்ட இருந்து வெளிக்கிடக்குள்ளயே முடிவு செஞ்சுபோட்டுத்தான் நான் வாறது. திரும்பினதுக்குப் புறகு காது எதையும் கேக்கட்டும். வாய் மாத்தாது."

ஜனாஸாவுக்கு இரண்டு ரோட்டும் வந்தது. பாலத்துக்கு அந்தப் பக்கமும் வந்தது. சந்தூக்குப் பெட்டியின் முன்பக்கம் ரம்சான் தோள் கொடுத்தான். அவன் தோள் மாற்ற வேண்டி வந்தபோது வசந்தனைப் பார்த்துத் தலையை அசைத்தான். வசந்தன் போய்ப் பிடித்தான்.

போன கிழமை இந்த வருடத்துக் கூறு. பயிற்றுநர்கள் கூடினோம். அந்தப் பிளாஸ்டிக் கதிரை கொண்டுவந்து வைக்கப்பட்டிருந்தது. ஒருவரும் அதில் இருக்கவில்லை. புதிதாக வந்த ஒரு பயிற்றுநர் மெல்லத் தொடங்கினார்: "இனி பழையபடி ரோட்டு ரோட்டாப் பிரிச்சா என்ன? வேலை சுகம்."

வசந்தன் எழும்பினான். கையில் தடி இருந்தது. "பிரிப்பியோ? பிரி, பாப்பம். எலும்பு முறிஞ்சா எப்பிடிக் கேக்குமெண்டு எனக்குத் தெரியும்."

அந்த யோசனை அத்தோடு இறந்தது. ஆனால் முதுகு காட்டி நிற்பது யார்? நேர்மையானவர்கள் என்று நாலைந்து பேரின் பெயர்கள் வந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒருவர் மறுத்தார். கைகலப்பு இரண்டடி தூரத்தில் நின்றது. அந்த நேரத்தில், இப்போது பயிற்றுநராகிவிட்ட டிலக்சன் சொன்னான்: "மாமா நிக்கட்டும். மாமா கள்ளன் எண்டு எல்லாருக்கும் தெரியும். கள்ளம் செய்தா உடன பிடிச்சுப்போடலாம்."

ஏகமனதாக நிறைவேறியது. என் வாழ்நாளில் எனக்குக் கிடைத்த ஒரே பதவி.

கடலைப் பார்த்து நின்றேன். நம்பிக்கையில்லாமல் யாரோ என் தலையில் கண் மறைகிறாற்போல துவாய் ஒன்றையும் போட்டார்கள். பின்னால் பிள்ளைகள் தள்ளுப்படுகிற சத்தம். டிலக்சனின் குரல் கேட்டது. "இது ஆருக்கு?" சொன்னேன். "இது ஆருக்கு?" சொன்னேன். மூன்றாவது கும்பத்தைத் தொட்டபோது அந்தச் சிரிப்பு, பல்லிடுக்கால், கீச்சென்று.

ஷிபா. இந்த வருடம் அவள் பெரிய பாரை. அவள் இருந்தால் என் கடைசி இடத்திலிருந்து நான் ஒருபடியாவது ஏறலாம். என் பேரைச் சொல்ல ஒரு மூச்சு போதும். கும்பம் சமன்தானே, யார் கேட்கப்போகிறார்கள்? கடல் பக்கம் திரும்புவதற்கு முன்னமே நான் முடிவு செய்து வைத்திருந்த வரிசையில் மூன்றாவது பேர் என்னுடையதல்ல.

"இது ஆருக்கு, மாமா?"

"வசந்தனுக்கு."

நானாவின் மாவுக்கட்டை ரம்சான் வைத்திருக்கிறான். விசில் ஷிபாவிடம். எனக்கென்று நான் எடுத்துக்கொண்டது, கும்பத்தைப் பார்க்காமல் நின்ற அந்த முதுகை.

கூறு முடிந்துவிட்டது, திரும்பலாம் என்று வசந்தன் வந்து சொன்னான். கொஞ்சம் பொறு, கப்பலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன் என்றேன். தலையிலிருந்த துவாய் அப்படியேதான் இருந்தது. அவன் பக்கத்தில் வந்து, அவனும் கடலைப் பார்த்து நின்றான்.